மருந்திற்கு அடங்காக் கிருமியும் தனியறைக் காப்பும்

ஆரணி என்னும் ஊரைப் பட்டின் பெயரால் அறிந்தார் பலர். கமண்டல நாகநதியின் கரையிலுள்ள அவ்வூர்த் தெருக்களில் நடப்பார்க்குத் தறியின் ஓசை வீட்டுக்கு வீடு தொடர்ந்து கேட்கும். தறிக்குழியிற் காலிறக்கி அமர்ந்து நாள் முழுதும் நெய்யும் அம்மக்களுக்குப் பாவிழை அறுந்தால் பிணைக்கத் தெரியும். ஜரிகை மங்கினால் அதன் காரணம் கூறத் தெரியும். ஆயின், வைத்தியசாலையில் ஓர் அறையின் கதவில் மஞ்சள் அட்டையொன்று தொங்குமாயின் அதன் பொருள் யாதென்று கேட்டால் விடை கூறுவார் அரியர். யாமும் அறிந்திலேம். அவ்வறியாமையால் எம் வீட்டில் நேர்ந்ததொரு துன்பமே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டிற்று.

எம் தாத்தா கூலிக்குப் பட்டு நெய்தவர். மூன்றாண்டுகளுக்கு முன் சிறுநீர் அடைப்பால் வருந்தி வெளியூரில் ஒரு வைத்தியசாலையிற் சேர்ந்தார். அவ்வூரின் பெயரும் வைத்தியசாலையின் பெயரும் ஈண்டு வேண்டா. சத்திர சிகிச்சை நன்கு முடிந்தது. ஆறாம் நாள் குளிரும் காய்ச்சலும் கண்டன. சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினர். அதன் முடிவு வந்த அன்று மாலையே அவரைப் பொது வார்டினின்றும் பெயர்த்துத் தாழ்வாரத்தின் கோடியிலிருந்த ஒரு சிற்றறையிற் கிடத்தினர். உள்ளே வருவோர் யாவரும் கையுறையும் நீண்ட மேலங்கியும் தரித்தே வந்தனர்; திரும்புகையில் அவற்றைக் கழற்றிக் கதவருகிலிருந்த தொட்டியில் இட்டுச் சென்றனர். அவருக்கென ஒரு தெர்மாமீட்டர், அவருக்கென ஓர் இரத்த அழுத்தக் கருவி, அவருக்கென ஒரு காகிதக் குவளை. இவையெல்லாம் ஏனென்று கூறுவார் ஒருவருமிலர். எம் தாத்தாவோ தம் இளமையில் தேநீர்க் கடையின் பின்புறத்தே நின்று தனிக் குவளையிற் பருகியவர். அக்காகிதக் குவளையைச் சிறிது நேரம் நோக்கியிருந்து, பின்னர் எம்மைப் பார்த்து, "இந்த வயசுல மறுபடியும் என்னை ஒதுக்கி வெச்சுட்டாங்களா, கண்ணு?" என்றார். யாம் விடை கூற மாட்டாது நின்றோம்.

அவ்வினாவுக்கு அன்று கூறியிருக்க வேண்டிய விடையை இன்று ஒருவாறு கூற முயல்வாம்.

முதற்கண் ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். "அவருக்கு மருந்து கேட்கவில்லை", "அவர் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று நம்மவர் கூறுவர். மருந்துக்குப் பழகுவது மனிதனுடைய உடம்பன்று. உடம்பினுட் புகுந்த கிருமியே. கோடிக்கணக்காகப் பெருகும் கிருமிகளுள் தற்செயலாக ஒன்றிரண்டு மருந்தைத் தாங்கும் இயல்புடையனவாகப் பிறக்கின்றன. மருந்து மற்றவற்றைக் கொன்று இடத்தை ஒழித்துக் கொடுக்க, எஞ்சியவை தடையின்றிப் பெருகுகின்றன. பெனிசிலினை 1928-ஆம் ஆண்டிற் கண்டறிந்த அலெக்சாண்டர் பிளெமிங்கு என்பார், 1945-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவிலேயே, மருந்தைக் குறைந்த அளவில் உண்பதனால் அதற்கடங்காக் கிருமிகள் தோன்றுமென்று எச்சரித்தார். காய்ச்சலென்றவுடன் மருந்துக் கடைக்குச் சென்று இரண்டு மாத்திரை வாங்கி விழுங்கும் நம் வழக்கத்தை அவர் அன்றே கண்டார் போலும்! பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகளின் பொருட்டு மெதிசிலின் என்னும் மருந்து வந்தது. அது வழக்கிற்கு வந்து ஈராண்டு நிரம்புமுன், 1961-ஆம் ஆண்டில், அதற்கும் அடங்காத கிருமி இங்கிலாந்திற் காணப்பட்டது. அதுமுதல் இன்றுகாறும் ஓட்டப்பந்தயமே.

இப்பந்தயத்தில் நம் நாட்டுக்கும், சிறப்பாகச் சென்னைக்கும், ஓரிடம் உண்டு. புது தில்லியில் ஒரு வைத்தியசாலையிற் படுத்திருந்து பின் சுவீடனுக்குத் திரும்பிய ஒருவரது சிறுநீரில், 2008-ஆம் ஆண்டில், கிளெப்சியெல்லா என்னும் குடற்கிருமி காணப்பட்டது. கார்பபெனெம் எனப்படும் மருந்துகள், மற்றவை தோற்றவிடத்து வைத்தியர் கையாளும் வலிய மருந்துகளாம். அவற்றையும் சிதைக்கவல்ல ஒரு நொதியம் அக்கிருமியிடத்தே இருந்தது. அந்நொதியத்துக்கு என்.டி.எம்.-1 என்று பெயரிட்டனர். அதில் இரண்டாம் எழுத்து தில்லியைக் குறிப்பது. பின்னர் 2010-ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி முதலாசிரியராக நின்று பிறருடன் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நொதியமுடைய கிருமி மாதிரிகள் சென்னையில் 44-ம், ஹரியானாவில் 26-ம், பிரித்தானியாவில் 37-ம், இந்தியா பாக்கிஸ்தான் ஆகியவற்றின் பிறவிடங்களில் 73-ம் கண்டதாகக் கூறப்பட்டது. நம் தலைநகரின் பெயரைக் கிருமிக்குச் சூட்டலாமோவென்று அக்காலத்தில் நாட்டிற் பெருஞ் சினம் எழுந்தது. சினத்தால் ஒரு கிருமியும் மாய்ந்ததாகத் தெரியவில்லை. ஈராண்டு கழித்து, 1912-இல் அன்று, நம் காலமாகிய 2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், பல வைத்திய சங்கத்தார் சென்னையிற் கூடி, மருந்துகளை அளவறிந்து வழங்குதற்கும் வைத்தியசாலைகளில் தொற்றைத் தடுத்தற்கும் வேண்டிய வழிவகைகளை வகுத்தனர். அதனைச் சென்னைப் பிரகடனம் என்பர்.

என்.டி.எம்.-1 அஞ்சத்தக்கதாவது எதனால்? அவ்வாற்றலுக்குரிய குறிப்பு, கிருமியின் முதன்மையான மரபிழையிலன்றித் தனித்ததொரு சிறு வளையத்திற் பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. அவ்வளையம் ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குப் பெயரவல்லது. இனம் வேறாயினும் பெயரும். ஆரணியார்க்கு இதனை எளிதில் விளக்கலாம். ஒரு நெசவாளர் வீட்டில் புதிய பூ வேலைக்கு வெட்டிய ஜக்கார்டு அட்டைக் கட்டு ஒன்றுளது. அடுத்த வீட்டார் அதனைப் பெற்றுத் தம் தறியின்மேல் ஏற்றினால், அவர் பல நாள் பயிலாமலே அப்பூ அவர் புடைவையிலும் விழும். கிருமிகள் தம்முள் மாற்றிக்கொள்ளும் வளையமும் அத்தகைய அட்டைக் கட்டே. ஆதலின் ஒரு நோயாளியிடமுள்ள கிருமி அயற்கட்டிலுக்குச் செல்லுமாயின், செல்வது ஒரு நோய் மட்டுமன்று. பல நோய்க்கிருமிகள் நகலெடுக்கத்தக்க ஒரு வித்தையும் உடன் செல்லும்.

இனி, அக்கிருமி யாங்ஙனம் செல்கின்றது? இதுவே தனியறைக் காப்பு முழுவதற்கும் அடிப்படையான வினா. எம் தாத்தாவின் கிருமி காற்றிற் பறப்பதன்று. அது குடலிலும் சிறுநீரிலும் தோலிலும் வாழ்வது. கட்டிற் சட்டம், கதவின் கைப்பிடி, சிறுநீர்ப் பை, தண்ணீர்க் குழாய் ஆகியவற்றில் ஒட்டியிருப்பது. அதற்குக் காலுமில்லை, சிறகுமில்லை. மனிதருடைய கைகளே அதற்கு வாகனம். தாதியொருத்தி ஒரு நோயாளியின் சிறுநீர்ப் பையை வடித்துவிட்டு, கைகழுவ நேரமின்றி, அடுத்த நோயாளியின் நரம்பிற் சொருகியுள்ள குழாயைத் தொட்டால் கிருமி கட்டில் மாறிவிட்டது. தொட்டவளுக்கோ யாதொரு தீங்குமில்லை. திடமான உடம்பினர் பலரிடம் இக்கிருமி குடலில் வாளா தங்கிப் பின்னர் அகலும். புண்ணும் குழாயும் உடையாரிடத்தும், குறைமாதத்திற் பிறந்த சிசுக்களிடத்தும், புற்றுநோய்ச் சிகிச்சையால் வலிகுன்றினாரிடத்துமே அது கூற்றாகின்றது. இவ்வேறுபாட்டை உணர்ந்தார்க்குக் கையுறையின் பொருள் விளங்கும். அது எம் தாத்தாவைக் கண்டு அருவருத்து அணிந்ததன்று. அடுத்த வார்டிற் படுத்திருந்த, முகமறியாத ஒருவரின் பொருட்டு அணிந்தது.

தனிக் கருவிகள் வைத்ததும் இக்காரணம் பற்றியே. ஒரே அழுத்தமானிப் பட்டையை நாற்பது பேர் கையிற் கட்டினால், நாற்பது கைகள் ஒன்றையொன்று தொட்டதற்கு ஒப்பாகும். மேலங்கி எதற்கெனின், நோயாளியைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது பணியாளரின் ஆடை கட்டிலில் உரசுமாதலின். அவற்றை அறையைவிட்டு நீங்குமுன் கழற்றுதல் இன்றியமையாதது. அணிந்தவாறே தாழ்வாரத்தில் உலவுவார் கிருமிக்குத் தேரோட்டுவாரே யாவர். கையுறை கழற்றிய பின்னும் கை கழுவுதல் வேண்டும், கழற்றும்போதே விரல் மாசுபடுதலின். கையுறை அணிந்தேன், ஆதலின் கழுவ வேண்டுவதில்லை என்று எண்ணுவாரை யாம் கண்டதுண்டு. அவர்க்கு அக்கையுறை இல்லாதிருந்தால் நன்றாயிருக்கும்.

கைகழுவுதலின் பெருமையை உலகுக்கு முதலில் மெய்ப்பித்தவர் வியன்னா நகரத்து வைத்தியசாலையிற் பணியாற்றிய செம்மல்வைஸ் என்பார். மாணவ வைத்தியர்கள் பிணங்களை அறுத்து ஆராய்ந்த கையோடு பிரசவ வார்டுக்குச் சென்றனர். தாய்மார் காய்ச்சல் கண்டு மாண்டனர். 1847-ஆம் ஆண்டில் அவர், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவியே உட்செல்லுமாறு கட்டளையிட்டார். சாவு வெகுவாகக் குறைந்தது. அன்றியும், பிற வைத்தியர் அவரை நம்பவில்லை. நல்லோராகிய தம் கை கொல்லும் என்பதை எவர்தாம் எளிதில் ஏற்பர்! அவர் கையாண்ட அப்பொருளே இன்றும் பிளீச்சிங் பவுடர் என்ற பெயரால் நம் ஊர்க் கிணறுகளிலும் வைத்தியசாலைத் தரைகளிலும் இடப்படுவது. இக்காலத்தில் சாராயங் கலந்த கைத்தேய்ப்பு நீர் ஒவ்வொரு கட்டிலருகிலும் வைக்கப்படுகின்றது. அது விரைவிற் காய்வதால் கைகழுவும் தொட்டிக்கு நடந்து செல்லும் நேரம் மிச்சமாகின்றது. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறை, நோயாளியைத் தொடுமுன்னும், குழாய் செலுத்துதல் போன்ற தூய செயலைச் செய்யுமுன்னும், உடலினின்று கழியும் நீர்மங்கள் படத்தக்க செயலின் பின்னும், நோயாளியைத் தொட்ட பின்னும், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின்னும் எனக் கைத்தூய்மைக்கு ஐந்து வேளைகளைக் குறிக்கின்றது. கடைசி வேளையே பெரிதும் மறக்கப்படுவது. கட்டிலைத்தானே தொட்டோம், ஆளைத் தொடவில்லையே என்பது நம் எண்ணம்.

நம் நாட்டில் இந்நெறி முழுதும் நடைபெறுதற்கு ஓர் இடையூறுண்டு. மேனாட்டு நூல்கள் நோயாளி ஒருவர்க்கு அறை ஒன்று என்று எளிதில் எழுதிவிடுகின்றன. நம் பெரிய வைத்தியசாலைகளின் பொது வார்டுகளைக் கண்டவர் அதனைப் படித்தால் நகைப்பர். தனியறை இல்லாவிடத்து ஒரே வகைக் கிருமியுடையாரை ஒரு மூலையில் ஒருங்கே கிடத்தி, அவர்க்கென வேறு தாதியரை நியமித்தல் ஒரு வழி. கட்டில்களுக்கிடையே ஒரு மீட்டராயினும் இடைவெளி விடுதல் மற்றொன்று. இவற்றினும் பெரிதாக ஒன்றுளது. நம் வைத்தியசாலைகளில் நோயாளியைத் துடைப்பவரும், ஊட்டுபவரும், சிறுநீர்ப் பையை வடிப்பவரும் பெரும்பாலும் உறவினரே. எம் ஆயா அவ்வறையில் பதினோரு நாள் பாயில் உறங்கினார். வைத்தியர்க்கும் தாதியர்க்கும் கையுறை தரப்பட்டது, ஆயாவுக்கு ஒன்றும் தரப்படவில்லை, ஒன்றும் கூறப்படவுமில்லை. அவர் பையை வடித்துவிட்டுப் பொதுக் குழாயில் சொம்பு நிரப்பி, வழியில் அயல் வார்டிலிருந்த ஊர்க்காரப் பெண்ணின் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு வருவார். கதவிலிருந்த அட்டையோ ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. தனியறைக் காப்பு என்பது அறையன்று, அறிவே என்பதை யாம் அன்று உணர்ந்தோம். நம் நடுவணரசு 2020-ஆம் ஆண்டில் தேசியத் தொற்றுத் தடுப்பு நெறிமுறைகளை வெளியிட்டுளது; அவை நோயாளியின் தலைமாட்டிலுள்ள ஆயாவின் செவிக்கு எட்டும் தமிழில் சொல்லப்படுங்காறும் ஏட்டளவினவே.

காற்றின் வழியாகச் செல்லும் நோய்க்குக் காப்பு வேறு. அவற்றுள் தலையாயது காசநோய். அதன் வரலாறு நம் தமிழகத்தோடு நெருங்கிப் பிணைந்தது. மருந்தில்லாத காலத்தில் ஓய்வும் உணவும் தூய காற்றுமே சிகிச்சையாக இருந்தன. பல மிஷன் சங்கங்கள் கூடி மதனபள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்னுமிடத்தில் 1915-ஆம் ஆண்டில் காசநோய் நிலையமொன்றைத் திறந்தன. பிரிமொட் மோலர் என்னும் டேனிஷ் வைத்தியர் அதனை நடத்தினார். சென்னைக்கு அருகில் டாக்டர் சௌரி முத்து 1928-ஆம் ஆண்டில் நிறுவிய நிலையத்தின் நினைவு தாம்பரம் சானடோரியம் என்னும் புகைவண்டி நிலையத்தின் பெயரில் இன்றும் நிற்கின்றது. நோயாளியை மாதக்கணக்காக, சிலரை ஆண்டுக்கணக்காக, வீட்டைவிட்டுப் பிரித்து வைப்பதே அக்காலத்து அறம்.

அவ்வறத்தைச் சோதித்துப் பார்த்தது சென்னை நகரமே. 1956-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை இராஜ்ய அரசாங்கமும், உலக சுகாதார நிறுவனமும், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் கூடிச் சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி நிலையத்தை அமைத்தன. நகரத்தின் ஏழை நோயாளிகள் ஏறக்குறைய 190 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல இரு கூறாக்கி, ஒரு கூற்றாரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றக் கூற்றாரை அவரவர் நெருக்கமான குடிசைகளில் இருக்கவிட்டும், இருசாரார்க்கும் ஒரே மருந்தை ஓராண்டு கொடுத்தனர். சானடோரியத்தார் நல்லுணவு உண்டு கட்டிலில் இளைப்பாறினர். வீட்டிலிருந்தார் கஞ்சி குடித்து வேலைக்கும் சென்றனர். 1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகையே வியப்பித்தது. வீட்டிலிருந்தாரும் சானடோரியத்தாரை ஏறத்தாழ ஒப்பவே குணமடைந்தனர். வீட்டிலிருந்த குழந்தைகள் யாதாயினர் என்று கேட்பீராயின், அதனையும் ஐந்தாண்டு தொடர்ந்து ஆராய்ந்து 1966-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நோயாளியை ஓராண்டு பிரித்து வைத்ததனால் அவர் குடும்பத்தார்க்கு மிகுதியான பாதுகாப்பு யாதும் கிட்டவில்லை. நோயறியப்படுமுன்னரே தொற்ற வேண்டுவன பெரும்பாலும் தொற்றிவிட்டன. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைவில் ஒடுங்கியது. இம்முடிவின் பின்னர் உலகெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்தன. எத்தனை தாய்மார் தம் மக்களைப் பிரியாதிருந்தனர் என்று எண்ணிப் பார்க்குந்தோறும், சேத்துப்பட்டிலுள்ள அக்கட்டடத்தின்பால் எமக்கொரு மதிப்பு எழுகின்றது.

ஈண்டு ஓர் உண்மை புலனாகும். கிருமியை ஒடுக்கும் மருந்து உள்ளவிடத்து, அம்மருந்தே மதிலாகின்றது. நோயாளியை மதிலுக்குள் அடைக்க வேண்டுவதில்லை. மருந்திற்கு அடங்காத காசநோயில் அம்மதில் இல்லை. ஐசோனியாசிட், ரிபாம்பிசின் என்னும் இரு தலைமருந்துகளுக்கும் அடங்காத கிருமியை உடையவர், ஏற்ற வேறு மருந்து தொடங்கும்வரை, நாளும் உண்ட மாத்திரையால் தாம் குணமடைவதாக நம்பிக்கொண்டே பிறர்க்கு நோயைப் பரப்புவர். ஆதலின் இந்நோய்க்கு முதற்காப்பு விரைந்தறிதலே. பல வாரம் காத்திருந்து அறிந்ததனை, ஜீன் எக்ஸ்பெர்ட்டு, நம் நாட்டிலேயே செய்யப்படும் துரூநாட் முதலிய கருவிகள் சில மணி நேரத்தில் அறிவிக்கின்றன. சிகிச்சையும் முன்னர் ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டு, ஊசிகளால் செவிப்புலனையும் கெடுப்பதாயிருந்தது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினெசோலிட், மாக்சிபிளாக்சசின் என்னும் நான்கினையும் கூட்டி ஆறு மாதத்தில் முடிக்கும் முறையை நம் அரசு 2024-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது.

அறியுங்காறும், அறிந்து மருந்து பயன் தருங்காறும், காற்றே காவலன். காசநோயாளியின் அறைக்குச் சன்னல் வேண்டும்; அச்சன்னல் திறந்திருக்க வேண்டும். பெரு நாட்டின் லீமா நகரத்து வைத்தியசாலைகளை அளந்து 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, ஐம்பதாண்டுக்கு முன் கட்டிய, உயர்ந்த கூரையும் பெரிய சன்னல்களும் உடைய பழைய வார்டுகளில் ஒரு மணி நேரத்துக்கு 40 முறை காற்று மாறியதாகவும், புதிய கட்டடங்களில் 17 முறையே மாறியதாகவும் கூறுகின்றது. நம் பழைய மிஷன் வைத்தியசாலைகளின் அகன்ற தாழ்வாரங்களையும் ஆளுயரச் சன்னல்களையும் பழமையெனக் கருதி இடித்துக் குளிர்சாதன அறைகள் கட்டுவோர் இதனைச் சிந்திப்பாராக. முகமூடியிலும் ஒரு வேறுபாடு அறியத்தக்கது. நோயாளிக்குச் சாதாரணத் துணிபோன்ற மூடியே போதும், அது வெளிவரும் துளிகளைத் தடுத்தலின்; உடனிருப்போர்க்கோ முகத்தோடு நெருங்கப் பொருந்தும் என்-95 மூடி வேண்டும், மிகச் சிறிய துகள்களும் காற்றில் மிதத்தலின். தென்னாப்பிரிக்காவில் மருந்திற்கடங்காக் காசநோயாளர் இருந்த வார்டின் காற்றைக் கினிப்பன்றிகள் மூச்சிழுக்குமாறு செய்து நடத்திய சோதனையில், நோயாளிகள் மூடி அணிந்த நாட்களின் காற்றை ஏற்ற 90 கினிப்பன்றிகளுள் 36-ம், அணியாத நாட்களின் காற்றை ஏற்ற 90-இல் 69-ம் தொற்றுற்றன. இது 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு முழத்துக்கும் குறைந்த துணி செய்யும் காவல் இத்துணை!

தனிமையின் தீங்கினையும் மறைத்தல் முறையன்று. கதவு மூடிய அறைக்குள் வைத்தியர் அரிதாகவே செல்வர். மேலங்கி அணிந்து கழற்றும் தொல்லை அஞ்சி, ஐந்து முறை செல்ல வேண்டியவர் இருமுறை சென்று அமைவர். கனடாவின் டொராண்டோவிலும் அமெரிக்காவின் பாஸ்டனிலும் இருந்த வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2003-ஆம் ஆண்டில் வெளியிட்டோர், தனியறையில் இருந்த நோயாளிகளுக்கு மற்றவரினும் இருமடங்கு இடர்கள் நேர்ந்தன என்று கண்டனர். அவை கிருமியால் நேர்ந்தவையல்ல, கவனிப்பாரற்றமையால் நேர்ந்தவை. லேவியராகமத்தின் 13-ஆம் அதிகாரத்தில், தோலில் ஐயத்திற்குரிய தடிப்புக் கண்டவனை ஆசாரியன் ஏழு நாள் அடைத்துவைத்து, ஏழாம் நாள் தானே வந்து பார்க்க வேண்டும் என்று விதி காணப்படுகின்றது. அடைத்தலை நினைவிற்கொண்ட உலகம், வந்து பார்த்தலை மறந்துவிட்டது. குஷ்டரோகியைத் தொட்டுக் குணமாக்கிய ஆண்டவரைப் பின்பற்றுவோர் நடத்தும் கல்லூரியிற் பயிலும் நாம், தொடுதலும் காத்தலும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அறிதல் தகும். கையுறை அணிந்த கையும் தோளைத் தட்டிக் கொடுக்கவல்லது. ஏழாம் நாளிரவு அவ்வாறே ஓர் இளந்தாதி எம் தாத்தாவின் கட்டிலருகே நாற்காலியிட்டமர்ந்து, "தாத்தா, உங்களை ஒதுக்கலை, உங்ககிட்ட இருக்கிற கிருமியைத்தான் ஒதுக்கறோம். பக்கத்து வார்டுல பச்சைக் குழந்தைங்க இருக்குதுங்க" என்றார். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, "அதை முன்னாலேயே சொல்லியிருந்தா நானே வெளியே வராம இருந்திருப்பேனே, அம்மா" என்றார். அதன்பின் ஆயாவுக்குக் கைத்தேய்ப்பு நீர்க் குப்பியை நீட்டுவது அவர் வேலையாயிற்று.

அவருக்குக் கொடுத்த மருந்து கோலிஸ்டின். சிறுநீரகத்துக்குக் கேடு செய்வதென்று ஒரு காலத்தில் பெரும்பாலும் கைவிடப்பட்ட பழைய மருந்து அது; புதியவை தோற்றமையால் மீண்டும் அழைக்கப்பட்டது. நாள்தோறும் இரத்தம் எடுத்துச் சிறுநீரகத்தைச் சோதித்தே அதனைச் செலுத்தினர். இத்தகைய கடைசி மருந்தைக் கோழி கொழுக்கத் தீவனத்தில் கலந்தனர் நம் நாட்டார்! அரசு 2019-ஆம் ஆண்டில் அதனைத் தடுத்தது.

காய்ச்சல் தணிந்து தாத்தா வீடு திரும்பினார். வைத்தியசாலையார் செய்த பிழையை இதுகாறும் கூறினோம். எம் பிழையையும் கூறுதல் வேண்டும். எம் அத்தை அவருக்கென ஒரு தட்டும் ஒரு டம்ளரும் தனியே எடுத்து அடுப்பங்கரைப் புறத்தே கவிழ்த்து வைத்தார். அச்சத்தால் வைத்தாரேயன்றி அன்பின்மையால் அன்று. நாங்களும் கண்டு வாளா இருந்தோம். தாத்தா ஒன்றும் கூறவில்லை, இருவேளை உண்ணாதிருந்தார். பின்னர் யாம் வைத்தியரிடம் தொலைபேசியிற் கேட்டறிந்தவை இவை. அக்கிருமி குடலிற் பல மாதம் தங்கக்கூடும். ஆயினும் வீட்டில் தனித் தட்டு வேண்டா, தனியறை வேண்டா, உடன் உண்ணலாம், பேரக்குழந்தைகளைத் தூக்கலாம். மலசலம் கழித்த பின்னும், உண்ணுமுன்னும், சிறுநீர்ப் பையை வடித்த பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுதல் போதும். துணிகளை வழக்கம்போல் துவைத்து வெயிலில் உலர்த்தலாம். மீண்டும் எந்த வைத்தியசாலைக்குச் செல்லினும், சேரும்போதே பழைய சீட்டைக் காட்டி, இன்ன கிருமி முன்பிருந்தது என்று தாமே கூறுதல் வேண்டும்; அதனால் தொடக்கத்திலேயே ஏற்ற மருந்தும் ஏற்ற இடமும் கிட்டும். தட்டு அன்றிரவே அடுக்கில் மற்றத் தட்டுகளோடு சேர்ந்தது.

இரண்டு மாதங் கழித்து அவர் மீண்டும் தறிக்குழியில் இறங்கினார். பாவு கொடுத்த முதலாளி நல்லவர், எனினும் வாசலில் நின்றவாறே, "பெரியவரே, புடைவையில ஏதும் ஒட்டிக்காதில்லே?" என்று வினவினார். தாத்தா அத்தாதியிடங் கேட்டவற்றையெல்லாம் தம் சொல்லில் அவர்க்கு விளக்கினார். கையின் செய்தியையும், குழாயின் செய்தியையும், பச்சைக் குழந்தைகளின் செய்தியையும் ஒன்றுவிடாது கூறினார். முதலாளி கேட்டுக்கொண்டே திண்ணையில் அமர்ந்தார். மயிற்கழுத்து நிறத்தில், அரக்குக் கரையிட்டு நெய்த அப்புடைவை இருபது நாளில் முடிந்து, மற்ற வீட்டுப் புடைவைகளோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டுக் கடைக்குச் சென்றது.